சுவரில் இருந்த அக்கா

போன வருடம், மகளுக்கு எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வந்து சில வாரங்கள் கழித்து நடந்தது இது. ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவக் கல்லூரி, பெயர் வேண்டாம். சேர விரும்பும் பிள்ளைகள் பெற்றோருடன் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டிருந்தார்கள். சிம்பாங் அம்பாட்டிலிருந்து நானும் மகளும், இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் படிக்கும் மகனும் காரில் கிளம்பினோம். கணவருக்கு அன்று வேலை.

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கா போகிறோம் என்று மகன் கேலி செய்தான். பெற்ற மகள் டாக்டராகப் போகிறாள், இதற்குக் கட்டாமல் பட்டை வேறு எதற்குக் கட்டுவது என்று அவன் வாயை அடைத்தேன். உபகாரச் சம்பளம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று பள்ளியில் சொன்ன நாளிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் வேலை பார்க்கும் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சில பேர் என்னைக் கண்டாலே கேண்டீனில் வேறு மேசைக்குப் போனார்கள்.

கல்லூரியில் எங்களைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள். சுற்றிக் காட்ட நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். கெடா மாநிலத்துக்காரி, பேச்சில் நல்ல மரியாதை. விரிவுரை மண்டபம், நூலகம், பிளாஸ்டிக் நோயாளிகள் படுத்திருக்கும் அறை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். என் மகன் ஒரு பிளாஸ்டிக் நெஞ்சை அமுக்கிப் பார்த்து, ஆள் பிழைத்துவிட்டார் என்று சிரித்தான். நான் கேட்டதெல்லாம் விடுதியில் சாப்பாடு எப்படி, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதுதான். என் மகள் எதுவுமே கேட்கவில்லை, எல்லாவற்றையும் கண்ணால் விழுங்கிக்கொண்டு வந்தாள்.

கடைசியாக ஒரு நீண்ட நடைபாதைக்கு வந்தோம். அதன் முடிவில் கதவு மூடியிருந்தது. இதற்குள் வெளியாட்களை விடுவதில்லை, உடலைப் பற்றி நாங்கள் படிக்கும் இடம் என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். செத்த பிறகு தங்கள் உடம்பைப் படிப்புக்குக் கொடுத்தவர்களின் படங்கள் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அவர்களைப் பற்றி மாணவர்கள் எழுதிய சில வரிகள். படங்கள் பக்கம் திரும்பாமல் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகன்தான் என் கையைப் பிடித்து இழுத்தான். "அம்மா, பெரியம்மா."

திரும்பிப் பார்த்தேன். பச்சைப் புடவையில் எங்கள் எதிர் வீட்டு அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நானும் அவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் மாட்டியிருந்தார்கள். அக்காவின் இடது தோளில் மட்டும் யாருடையதோ நான்கு விரல்கள் மிச்சமிருந்தன. ஒரு விரலில் பவள மோதிரம். அதே மோதிரம் அப்போதும் என் கையில் இருந்தது.

அக்கா யார் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருடம் அவரும் நானும் ஒரே தொழிற்சாலை பஸ்ஸில், ஒரே ஷிஃப்டில் போய்வந்தோம். அவருக்குப் பிள்ளை கிடையாது. என் இரண்டும் பாதி நேரம் அவர் வீட்டில்தான் வளர்ந்தன. ஐந்தாம் படிவம் வரை படித்தவர், மலாய் நன்றாக எழுதுவார். தொழிற்சாலையில் எங்கள் லைனில் உள்ள பெண்களுக்கு லீவு ஃபாரம், ஆஸ்பத்திரி ஃபாரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபாரம் எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே கைப்பையை மடியில் வைத்து நிரப்பிக் கொடுப்பார். நிரப்பி முடித்ததும், படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்பார். ஒருத்தியும் படித்ததில்லை. நீங்கள் படித்தால் போதாதா அக்கா என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கொடுப்போம். நான்தான் அதில் முதல் ஆள்.

அவர் இறந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை, அவருக்கு லீவு. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. செய்தி கேட்டு நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பில் சாவு வீடு என்றால் பெண்கள் பக்கத்துக் காரியமெல்லாம் என் பொறுப்பு. கூடாரம் யாரிடம் சொல்வது, ஐயர் யார், குளிப்பாட்ட எந்தெந்தப் பெண்கள் என்று எல்லாம் எனக்கு விரல் நுனியில் இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அன்று கூடாரம் போட்டாயிற்று, நாற்காலி வந்தாயிற்று. நல்லெண்ணெய், சீயக்காய், மஞ்சள் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, இந்த ஒரு முறை அக்காவுக்கு எல்லாவற்றையும் நானே என் கையால் செய்ய வேண்டும் என்று வாசலில் காத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவருடைய கணவர் மட்டும் தனியாகக் காரில் வந்து இறங்கினார். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், அதிகம் பேசாதவர். கையில் ஒரு பழுப்பு நிற ஃபைல். அக்கா தன் உடம்பைக் கல்லூரிக்குக் கொடுப்பதாக எழுதி வைத்திருந்தார், அவர்கள் வந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னார். வீட்டுக்கு உடல் வராது. எந்தக் கல்லூரி என்றுகூட நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. முப்பது பேர் இருந்திருப்பார்கள் அங்கே. அத்தனை பேர் முன்னால் கேட்டேன்:

"கட்டுன பொண்டாட்டிய கூறு போடக் குடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுஷனா?"

அவர் என்னையே பார்த்தார். ஃபைலைத் திறக்கப் போனவர் போல இருந்தது. பிறகு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். நான் கூடாரக்காரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட என்னை மனிதச் சாதியில் சேர்த்துக்கொள்ளலாம். பதினாறாம் நாள் படத்தை வைத்துக் கும்பிடப் போவதாக அவர் வீடு வீடாக வந்து சொன்னார். அவர் ஒரு வீட்டை விட்டு இறங்கியதும் நான் அந்த வீட்டில் ஏறினேன். உடலை எரிக்காமல் என்ன கருமாதி, அதில் போய்ச் சாப்பிட்டால் பாவம் நம்மையும் ஒட்டும் என்று சொல்லி வைத்தேன். என் பேச்சுக்கு அப்போது மதிப்பு இருந்தது. ஒருவரும் போகவில்லை. மகள் போக வேண்டும் என்று அழுதாள், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போட்டிருந்த நாற்காலிகளில் யாருமே இல்லை. ஐயரும் அவரும் மட்டும்தான் இருந்தார்கள்.

சில வாரம் கழித்து ஒரு வேனில் இளம் பிள்ளைகள் ஆறு பேர் அவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார்கள். பார்த்தீர்களா, காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார், கணக்குத் தீர்க்க வந்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினேன். மூன்று மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

தர்மம், சாஸ்திரம் என்றெல்லாம் அன்று பேசினேனே, அதெல்லாம் சும்மா. அக்காவைக் கடைசியாக ஒரு தடவை தொடக்கூட எனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம்தான் அது. அந்த ஆத்திரத்தை, மனைவியைப் பறிகொடுத்து நின்ற மனுஷன் தலையில் கொட்டினேன்.

இப்போது அந்தச் சுவருக்கு முன்னால் என் பிள்ளைகளோடு நிற்கிறேன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கெடாப் பெண் பக்கத்தில் வந்தாள். இவர்களைத் தெரியுமா என்று கேட்டாள். தெரிந்தவர் மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அப்போதும் பொய்தான் வந்தது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. முதல் வருடம் அவளும் இன்னும் ஐந்து பேரும் அக்காவிடம்தான் படித்தார்களாம். 'அவரிடம் படித்தோம்' என்றுதான் சொன்னாள். தொடுவதற்கு முன்னால் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆறு பேரும் வேனில் வீட்டுக்குப் போய் அவர் கணவரிடம் பேசியிருக்கிறார்கள். அக்காவின் வலது கையில் மோதிர விரல் வளைந்திருக்கும். அது எப்படி ஆனது என்று பிறகு அவர் கணவரிடம் கேட்டார்களாம்.

"தொழிற்சாலை பஸ் கதவுல விரல் மாட்டிக்கிச்சாம். டிரைவர் கவனிக்காம எடுத்துட்டாராம். அவங்க கூட்டாளி ஒருத்தவங்கதான் பஸ் பின்னாலயே ஓடி, தட்டித் தட்டி நிப்பாட்டினாங்களாம். அவங்க இல்லன்னா கையே போயிருக்கும்னு அங்கிள் சொன்னாரு."

அந்தக் கூட்டாளி நான்தான். 'நீங்கள்லாம் மனுஷனா' என்று நான் கேட்ட அந்த ஆள், அதற்குப் பிறகும் என்னைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

ஒரு வருடம் கழித்து உடலைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்களாம். எரித்தும் இருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள். மின்சுடலைக்கு அவரும் அவர் தங்கையும் மட்டும்தான் வந்திருந்தார்கள், பெட்டியைத் தூக்க ஆள் பற்றவில்லை, அதனால் நாங்களே தூக்கினோம் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். குளிப்பாட்டினீர்களா என்று கேட்டேன். இருந்த அளவுக்கு உடலைத் துடைத்து, மஞ்சள் வைத்து, பெண் பிள்ளைகள் நான்கு பேர் புடவை கட்டிவிட்டார்களாம். முறையெல்லாம் எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி, சரியாகச் செய்தோமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான் என்றாள்.

முறை தெரிந்தவள் நான். தாமானில் யார் செத்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவள். அக்காவுக்கு மட்டும் யார் பெற்ற பிள்ளைகளோ புடவை கட்டிவிட்டார்கள். நான் அந்த நேரத்தில் தொழிற்சாலையில் உட்கார்ந்து யாரிடமாவது வாயடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

என் மகள் டாக்டராக வேண்டும் என்று கோயில் கோயிலாக ஏறினேன். டாக்டர்கள் எதைத் தொட்டுப் படிக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா என்றால் இல்லை.

திரும்பும்போது வழியில் சாப்பிட்டுப் போகலாமா என்று கேட்டேன். மகள் வேண்டாம் என்றாள். கார் கடல் பாலத்தில் பாதி தூரம் வந்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"பெரியப்பாவப் போய்ப் பாருங்கம்மா. அதுக்கப்புறம்தான் நான் ஃபாரம் அனுப்புவேன்."

விண்ணப்பம் அனுப்ப இரண்டு வாரம்கூட இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சீறினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க அன்னிக்கு அவருகிட்ட என்ன கேட்டீங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. நாளைக்கு நானும் யாரோ ஒருத்தவங்கள தொட்டுத்தான் படிக்கணும். அவங்க வீட்டுக்காரங்களையும் இப்படித்தானே யாராவது பேசியிருப்பாங்க. அத வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா தொடுறது?"

வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன். மகன் பின்னாலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினான்.

உடனே போனேன் என்று எழுதத்தான் ஆசை. ஒரு வாரம் தட்டிக் கழித்தேன். ஓவர்டைம் என்றேன், தலைவலி என்றேன், அவர் எங்கிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும் என்றேன். மகள் ஃபாரத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டாள். அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தினமும் நாங்கள் சாப்பிட்டோம். கடைசியில் எங்கள் பழைய பஸ் டிரைவரிடம் விசாரித்தேன். புக்கிட் மெர்தாஜாமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில், மூன்றாவது மாடியில் இருக்கிறார் என்றார். அடுத்த ஞாயிறு காலை மூவரும் போனோம். பிள்ளைகளைக் கீழே காரில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஏறினேன்.

கதவைத் திறந்தார். இரும்பு கிரில்லைத் திறக்காமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நன்றாக இளைத்திருந்தார். பிறகு பூட்டைத் திறந்து, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் அங்கேயே உடைந்துபோனேன். கல்லூரிக்குப் போனது, படத்தைப் பார்த்தது, அந்தப் பெண் சொன்னது எல்லாவற்றையும் கோர்வையில்லாமல் சொன்னேன். நான் செய்தது பெரிய தப்பு, மன்னித்துவிடுங்கள் அண்ணே என்றேன்.

அவர் உள்ளே போனார். வரும்போது கையில் அந்தப் பழுப்பு ஃபைல் இருந்தது. அதிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அக்கா தன் உடலைக் கொடுப்பதாக எழுதிய ஃபாரம். எல்லாம் அக்காவின் அழகான கையெழுத்து. கீழே சாட்சிகளுக்கு இரண்டு கோடு. முதல் கோட்டில் என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் அக்காவின் எழுத்தில் இருந்தன. பக்கத்தில் இருந்த கையெழுத்து என்னுடையது.

நான் போட்டதுதான். கடைசி எழுத்தை இழுத்து ஒரு சுழி சுழிப்பேன், அந்தச் சுழி அப்படியே இருந்தது. எந்த நாள், எந்த மழையில், பஸ்ஸில் எந்தச் சீட்டில் உட்கார்ந்து போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நூறு ஃபாரத்தில் அதுவும் ஒன்று.

"ஒங்கக்கா அன்னிக்கு வீட்டுக்கு வந்து, 'படிச்சுப் பாத்துட்டுப் போடுன்னு சொன்னேன், சிரிச்சுக்கிட்டே போட்டுட்டா, மனசுல பாரம் எறங்கிருச்சு'ன்னு சொன்னா. ஒனக்குத் தெரியும்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு வாசல்ல நீ பேசின பொறவுதான் தெரிஞ்சது, ஒனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு."

அன்றே இதைக் காட்டியிருக்கலாமே அண்ணே, நான் வாயை மூடியிருப்பேனே என்றேன்.

"காட்டத்தான் கையில எடுத்துட்டு வந்தேன். அத்தன பேரு முன்னால அவ கூட்டாளியத் தலை குனிய வைக்க மனசு வரல. அவளே இருந்தாலும் காட்ட விட்டிருக்க மாட்டா."

நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளை ஃபைலுக்குள் வைத்து, பட்டையைச் சுற்றிக் கட்டினார்.

"மறந்துட்டேன்னு சொன்னா பொய்ம்மா. பதினாறாம் நாளு அம்பது பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தேன். அவ்வளவையும் நான் ஒருத்தனே அள்ளிக் கொட்டினேன். அத எப்படி மறக்கறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். பிள்ளைகளை மேலே கூப்பிடச் சொன்னார். வந்தார்கள். இருவருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார், மகள் தலையில் கை வைத்து நன்றாகப் படி என்றார். அவள் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நாங்கள் வெளியே வந்ததும் கிரில்லைப் பூட்டிவிட்டு, நாங்கள் படி இறங்கும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொரு முறை வாருங்கள் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து மகனை அனுப்பினேன். வாங்கிக்கொண்டாராம், அவனை உட்கார வைத்துப் பேசினாராம். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாமானில் நான் யார் யாரிடம் என்னென்ன சொன்னேனோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். சிலர் உச்சுக் கொட்டினார்கள். ஒரு பெண், நீ சொன்னதால்தானே நாங்கள் போகவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். இப்போது சாவு வீட்டுக்குப் போனால் பின்னால் நின்று, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வருகிறேன்.

அன்று புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வீட்டுக்கு வந்ததும் மகள் ஃபாரத்தை என் முன்னால் தள்ளினாள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தேன். புரியாத வார்த்தைக்கெல்லாம் அவளிடம் அர்த்தம் கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவசரக்காரியான என் மகள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் இப்போது அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அந்த நடைபாதை வழியாகத்தான் தினமும் வகுப்புக்குப் போகிறாளாம், பெரியம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன் என்கிறாள். அக்காவின் தோளில் என் விரல்கள் இன்னும் அந்தச் சுவரில் இருக்கின்றன, அவற்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது. பதினோரு வருடம் கூடவே திரிந்த அக்காவின் கடைசி ஆசைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் படிக்காமல் போட்டுக் கொடுத்த அந்தக் கையெழுத்துதான். அவர் போன பிறகு தெரிந்து செய்தது எல்லாமே அவருக்குச் செய்த துரோகம்.